பூரண குணம்தானா, டாக்டர்?



அறுவைச் சிகிச்சைக் கூடத்தின் கதவு திறந்து மருத்துவர் வெளியே வந்ததும், காத்திருக்கும் உறவினர் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: “பூரண குணம்தானா, டாக்டர்?” குடல்வால் நோய் என்றால், “ஆம், சில நாட்களில் வீட்டிற்குப் போகலாம்” என்று அவர் தயங்காமல் கூறிவிடுவார். எலும்பு முறிவு என்றால், இத்தனை வாரம் என்று கணக்குச் சொல்லுவார். வேறு சில நோய்களிலோ, “கட்டியை எடுத்துவிட்டோம், ஆனால் இரத்தப் பரிசோதனையின் முடிவு வரட்டும்” என்பார். முடிவு வந்த பிறகும், “குணமாகிவிட்டது” என்று சொல்லாமல், “நோய் தணிந்திருக்கிறது” என்றே சொல்லுவார். அதைக் கேட்கும் குடும்பத்தார், மருத்துவர் எதையோ மறைக்கிறார் என்று எண்ணிக் கலங்குவதுண்டு.

அவர் எதையும் மறைக்கவில்லை. தமக்குத் தெரிந்ததை அளந்து சொல்லுகிறார். அந்த அளவு எவ்வாறு கிடைக்கிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம், அதனை அறிந்த குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பவற்றைக் ‘குஷிங் நோய்’ என்னும் ஒரு நோயை முன்வைத்து இம்மாதம் காண்போம். இது அபூர்வமான நோய். பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவருக்கே புதிதாக வருகிறது. ஆயினும், வந்த வீட்டிற்கு அது அபூர்வம் என்பதால் என்ன ஆறுதல்?

சிறிய சுரப்பி, பெரிய அதிகாரம்

மூக்கின் மேற்பகுதிக்குப் பின்னால், மூளையின் அடியில், ஓர் எலும்புக் குழிக்குள் பிட்யூட்டரி என்னும் சுரப்பி அமைந்திருக்கிறது. பட்டாணி அளவே உள்ளது. எடை ஏறத்தாழ அரை கிராம். அது தங்கியிருக்கும் குழி குதிரைச் சேணத்தின் வடிவில் இருப்பதால், உடற்கூற்று நூலார் அதற்குத் ‘துருக்கிச் சேணம்’ என்று பெயரிட்டனர். இச்சிறு சுரப்பியே உடலின் மற்றப் பல சுரப்பிகளுக்கு மேலதிகாரியாக இருந்து, இரத்தத்தின் வழியாக ஆணைகளை அனுப்புகிறது.

அந்த ஆணைகளுள் ஒன்று ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோன். அது, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை எட்டி, கார்டிசால் என்னும் மற்றொரு ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. கார்டிசால் இன்றி மனிதன் உயிர் வாழ முடியாது. இரத்த அழுத்தத்தைத் தாங்குவதும், பட்டினியிலும் காய்ச்சலிலும் உடலைக் காப்பதும் அதுவே. காலையில் அதன் அளவு உயர்ந்தும், நள்ளிரவில் மிகத் தாழ்ந்தும் இருப்பது இயற்கை. போதுமான கார்டிசால் இரத்தத்தில் சேர்ந்ததும் பிட்யூட்டரி தன் ஆணையை நிறுத்திக்கொள்ளும். குறைந்தால் மீண்டும் அனுப்பும்.

ஏ.சி.டி.எச். சுரக்கும் உயிரணு ஒன்று இந்தக் கட்டுப்பாட்டை மீறிப் பெருகி, சிறு கட்டியாகிவிடுவதே குஷிங் நோய். இக்கட்டி அநேகமாக எப்போதுமே புற்றுநோய் அன்று. பெரும்பாலும் 10 மில்லிமீட்டருக்கும் குறைவானது. ஆனால் அது இரவு பகல் பாராமல் ஆணை பிறப்பித்துக்கொண்டே இருப்பதால், உடலெங்கும் கார்டிசால் மிகுந்துவிடுகிறது. முகம் வட்டமாக உப்பிச் சிவக்கிறது. வயிறு பருக்க, கை கால்கள் மெலிகின்றன. பிடரிக்குக் கீழே கொழுப்பு திரள்கிறது. வயிற்றிலும் தொடையிலும் ஊதா நிறக் கோடுகள் தோன்றுகின்றன. தோல் மெலிந்து, இலேசாக இடித்தாலும் கன்றிப்போகிறது. குந்தி உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடிவதில்லை. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, எலும்பு நலிவு, உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்நோய் பன்மடங்கு அதிகம். மாதவிலக்கு தவறுதலும் முகத்தில் முடி வளர்தலும் அவர்களுக்கு வேறு துன்பங்கள்.

“நன்றாகச் சாப்பிடுகிறாள், பருமனாகிவிட்டாள்” என்று ஊர் சொல்ல, “எதற்கெடுத்தாலும் அழுகிறாள்” என்று வீடு சொல்ல, நோய் இன்னதென்று தெரியவே இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்துவிடுவது சாதாரணம். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்களுக்கும், இன்னதென்று தெரியாத பொடிகளை வாங்கி உண்பவர்களுக்கும் இதே தோற்றம் வரலாம். எனவே மருத்துவர் முதலில் அதைப்பற்றித்தான் விசாரிப்பார். அதுவன்று என்று உறுதியான பிறகே பிட்யூட்டரியின் பக்கம் திரும்புவார்.

ஒரு நோயின் வரலாறு

ஹார்வி குஷிங் (1869–1939) அமெரிக்க நாட்டு மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர். பால்ட்டிமோர் நகரத்தின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தாம் கண்ட 23 வயதுப் பெண் ஒருவரின் விசித்திரமான நிலையை, 1912-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அவர் விவரித்தார். காரணம் அப்போது அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1932-இல், அத்தகைய 12 நோயாளிகளின் வரலாற்றைத் திரட்டி, பிட்யூட்டரியில் தோன்றும் சிறு கட்டியே இதற்குக் காரணம் என்று எழுதினார். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார்.

காரணம் தெரிந்தும், தீர்வு எளிதில் கைகூடவில்லை. 1950-களில் வெளியான கணக்கின்படி, சிகிச்சை பெறாதவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஐந்தாண்டுகளுக்குள் இறந்தனர். மூக்கின் வழியாகப் பிட்யூட்டரியை அடையும் அறுவையை இன்ஸ்புரூக் நகரில் ஹெர்மன் ஷ்லாஃபர் 1907-ஆம் ஆண்டிலேயே செய்திருந்தார். குஷிங்கும் அதே திசையிலிருந்து பல அறுவைகள் செய்து, பின்னாளில் அதைக் கைவிட்டார். மங்கிய வெளிச்சத்தில், ஆழமான ஒரு குழிக்குள், சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டியை நல்ல சுரப்பியிலிருந்து பிரித்தறிவது எப்படி? 1960-களில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஷூல் ஹார்டி, அறுவைக்கான நுண்ணோக்கியைக் கொண்டு அந்தப் பாதையில் சென்று, சுரப்பியைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுக்கலாம் என்று காட்டினார். இன்று நுண்ணோக்கியுடன், மூக்கினுள் செலுத்தும் உள்நோக்கிக் கருவியும் பயன்படுகிறது. முகத்தில் தழும்பு ஏதும் விழுவதில்லை.

மற்றொரு முன்னேற்றமும் தேவைப்பட்டது. இரத்தத்தில் கோடியில் ஒரு பங்கினும் குறைவாகக் கலந்திருக்கும் ஹார்மோனை அளந்தறிய வேண்டும். அதற்கான கதிரியக்க அளவை முறையை சாலமன் பெர்சனுடன் சேர்ந்து உருவாக்கிய ரோசலின் யாலோ, 1977-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். கட்டியை எடுக்கும் கையும், ஹார்மோனை அளக்கும் கண்ணும் சேர்ந்த பிறகே, “நோய் போயிற்றா?” என்ற கேள்விக்கு விடை தேட முடிந்தது.

அறுவைக்கு முன்னே தெரிவது

விடையின் ஒரு பகுதி, அறுவைக்கு முன்னரே தெரியும். கட்டி சிறியதாக இருந்து, எம்.ஆர்.ஐ. படத்தில் தெளிவாகத் தெரிந்து, சுரப்பியின் எல்லைக்குள் அடங்கியிருக்குமானால் வாய்ப்பு நன்று. துருக்கிச் சேணத்தின் இருபுறமும் மூளைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களும் கண்ணை அசைக்கும் நரம்புகளும் ஓடுகின்றன. கட்டி அந்தப் பக்கம் வேர்விட்டிருந்தால், எவ்வளவு திறமைசாலியாலும் அதை முற்றிலும் எடுப்பது கடினம்.

நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கேனும் கட்டி படத்தில் தெரிவதே இல்லை. அதனால் கட்டி இல்லை என்று பொருளன்று. பார்வைக்கு அகப்படாத அளவு சிறியது என்பதே பொருள். அப்போது பிட்யூட்டரியிலிருந்து இரத்தத்தை இறக்கும் சிரைகளில் நேரடியாக மாதிரி எடுத்து, ஆணை அங்கிருந்துதான் புறப்படுகிறதா என்று உறுதி செய்வர். அத்தகையவர்களும் நலம் பெறுவதுண்டு. ஆனால், கட்டி படத்தில் தெரிந்தவர்களைவிட வாய்ப்புச் சற்றுக் குறைவு.

அனுபவமிக்க நிபுணர்கள் செய்யும் அறுவையில், சிறு கட்டி உடையவர்களில் நூற்றுக்குச் சுமார் 80 பேருக்கும், 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டி உடையவர்களில் நூற்றுக்குச் சுமார் 60 பேருக்கும் நோய் தணிகிறது என்பது, 2021-ஆம் ஆண்டில் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி வெளியிட்ட மதிப்பீடு. ‘அனுபவமிக்க’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். ஆண்டுதோறும் இவ்வறுவையைப் பலமுறை செய்யும் கைக்கும், எப்போதோ ஒருமுறை செய்யும் கைக்கும் வேற்றுமை உண்டு. “இந்த அறுவையை இங்கே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?” என்று மரியாதையுடன் கேட்பதில் தவறேதும் இல்லை. நல்ல மருத்துவர் அக்கேள்வியால் வருந்தமாட்டார்.

மேலும், நூற்றுக்கு 80 என்பது நூறு பேரைப் பற்றிய செய்தி. உங்கள் வீட்டில் படுத்திருக்கும் ஒருவரைப் பற்றிய செய்தி அன்று. அந்த ஒருவர் எண்பதில் சேர்ந்தவரா, இருபதில் சேர்ந்தவரா என்று சொல்வது, அறுவைக்குப் பின் வரும் பரிசோதனையே.

அடுப்பு அணைந்த வீடு

இங்கேதான் பலரும் எதிர்பாராத ஒரு முரண் நிற்கிறது. அறுவை வெற்றி பெற்றால் கார்டிசால் சாதாரண அளவுக்கு வந்து நிற்கும் என்றுதானே நினைப்போம்? அப்படியன்று. வெற்றி பெற்றால் அது சாதாரண அளவையும் தாண்டிக் கீழே, மிகக் கீழே விழுந்துவிடும். சாதாரணமாக நின்றால்தான் மருத்துவர் ஐயுறுவார்!

இதை ஓர் உவமையால் விளக்கலாம். அந்நியன் ஒருவன் வீட்டிற்குள் புகுந்து, சமையலறையைக் கைப்பற்றி, இரவும் பகலும் அடுப்பை எரித்துக் கண்டபடி சமைத்துக் குவிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்கள் தங்களுக்கு வேலையில்லை என்று ஒதுங்கி, ஆண்டுக்கணக்கில் சோர்ந்து உறங்கிவிடுகிறார்கள். ஒரு நாள் அந்நியன் வெளியேற்றப்படுகிறான். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியுமா? எரியாது. வீட்டார் விழித்து, எழுந்து, மீண்டும் சமைக்கப் பழகும் வரை அடுப்பு அணைந்தே கிடக்கும். மாறாக, அன்றைக்கே கூரைக்கு மேல் புகை எழுந்தால் என்ன பொருள்? அந்நியனோ அவன் கூட்டாளியோ இன்னும் உள்ளே இருக்கிறான் என்பதே பொருள்.

அவ்வாறே, கட்டி ஆட்சி செய்த காலமெல்லாம் பிட்யூட்டரியின் நல்ல உயிரணுக்கள் உறங்கிவிடுகின்றன. தூண்டுதல் இல்லாமல் நல்ல உயிரணுக்கள் விழிக்க மாதக்கணக்கில் ஆகும். கட்டி முற்றிலும் நீங்கினால், ஏ.சி.டி.எச். அனுப்ப அன்று யாரும் இல்லை. எனவே ஓரிரு நாட்களில் கார்டிசால் சரிந்துவிடுகிறது. அந்தச் சரிவே நற்செய்தி.

எண்கள் சொல்லும் செய்தி

ஆகவே அறுவைக்குப் பின் முதல் ஏழு நாட்களுக்குள், காலை நேரத்தில் இரத்தம் எடுத்துக் கார்டிசாலை அளக்கிறார்கள். 100 மில்லிலிட்டரில் 5 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நோய் தணிந்திருக்கிறது என்று கொள்வர். 2 மைக்ரோகிராமுக்கும் கீழே இறங்கிவிட்டால், தணிவு நீடிக்கும் வாய்ப்பு மிக நன்று. 2008-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கருத்திசைவு அறிக்கையின்படி, அத்தகையவர்களுள் பத்தாண்டுகளில் மீண்டும் நோய் கண்டவர் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேரே. இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில் நின்றவர்களை, வேறு சிகிச்சை ஏதுமின்றிக் கவனித்து வரலாம். ஐந்துக்கு மேல் நின்று, ஆறு வாரம் வரையிலும் இறங்காதிருப்பின், மேலும் ஆராய வேண்டும்.

எண் உடனே இறங்கவில்லை என்று அன்றே மனம் ஒடிய வேண்டியதில்லை. நூற்றுக்கு ஐந்தாறு பேர் அளவில், நாட்கள் அல்லது வாரங்கள் கழித்தே கார்டிசால் சரிவதும் உண்டு. எனவே அனுபவம் உள்ள மருத்துவர், ஒரே ஓர் எண்ணைக் கொண்டு அவசரப்பட்டு மறு அறுவைக்கு நாள் குறிக்கமாட்டார்.

எண்ணைப் படிப்பதிலும் நுணுக்கம் உண்டு. அறுவைக்கு முன் கார்டிசாலைக் குறைக்கும் மருந்துகளை நெடுநாள் உட்கொண்டவருக்கு, நல்ல உயிரணுக்கள் முன்பே சற்று விழித்திருக்கக்கூடும். அவருக்குச் சரிவு அவ்வளவாகத் தெரியாது. அறுவைக்குப் பின் கொடுக்கும் ஹைட்ரோகார்டிசோன் என்பது கார்டிசாலேதான். ஆகையால், மாத்திரை கொடுத்த சிறிது நேரத்தில் இரத்தம் எடுத்தால் மருந்தையே அளந்ததாக முடியும். சில மருத்துவமனைகளில் மருந்து கொடுக்காமல், நோயாளியைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டே சில மணிக்கு ஒருமுறை இரத்தம் எடுப்பர்; வேறு சிலவற்றில் காலை மருந்துக்கு முன் எடுப்பர். அதனால்தான் “ஏன் இன்னும் மாத்திரை தரவில்லை?” என்று செவிலியரிடம் சண்டையிடுவதும், நாமே ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவதும் கூடாது.

எடுத்த கட்டியை ஆய்வகத்தில் சோதித்து, அது ஏ.சி.டி.எச். சுரக்கும் கட்டியே என்று உறுதிப்படுவதும் நல்ல அறிகுறி. மற்றொன்று வியப்பானது: உறங்கும் நல்ல உயிரணுக்கள் விழிக்க நெடுங்காலம் பிடிப்பது, நோய் திரும்பாமலிருப்பதற்கான அடையாளங்களுள் ஒன்று. ஓரிரு மாதங்களிலேயே, “மாத்திரை தேவைப்படவில்லை” என்று தோன்றுமானால், அடுப்பில் புகைவது யார் என்று மருத்துவர் கூர்ந்து பார்ப்பார்.

நலம் பெறுபவர் வாடுவது ஏன்?

இனிக் குடும்பத்தார் முக்கியமாக அறிய வேண்டியதற்கு வருவோம். நோய் முற்றியிருந்தபோது நடமாடிக்கொண்டிருந்தவர், அறுவை வெற்றியாக முடிந்த பின்னர் படுத்த படுக்கையாகலாம். உடம்பெல்லாம் வலி, மூட்டுகளில் குடைச்சல், பசியின்மை, குமட்டல், தோல் உரிதல், எழுந்தால் தலைசுற்றல், காரணமில்லாத அழுகை. “இவ்வளவு செலவழித்தும் முன்னைவிட மோசமாகிவிட்டாளே” என்று மாமியார் புலம்புவார். “மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திப் பார் அக்கா” என்று ஒருவர் யோசனை சொல்லுவார்.

அந்த யோசனை உயிருக்கு உலை வைக்கும். பல ஆண்டுகள் கார்டிசால் வெள்ளத்தில் மூழ்கியிருந்த உடல், திடீரென்று வறட்சிக்கு வந்திருக்கிறது. வாட்டம் அதனால்தான். உடல் தானே கார்டிசாலைச் சுரக்கும் வரை, அந்த மாத்திரையே உயிர்த்துணை. 1940-களின் இறுதிக்கு முன் இம்மருந்து உலகில் கிடைக்கவில்லை. அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்களை ஆராய்ந்தமைக்காகக் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹெஞ்ச் ஆகிய மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர்களுடைய உழைப்பின் பயனே இன்று நம் மருந்துப் பெட்டியில் இருக்கும் அந்தச் சிறிய வெள்ளை மாத்திரை.

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது பழமொழி. இந்த மருந்துக்கு அது பொருந்தாது. சிலருக்கு ஆறு மாதம், பலருக்கு ஓராண்டு, வேறு சிலருக்கு அதற்கும் மேல் தேவைப்படும். பரிசோதித்துப் பார்த்து, மருத்துவரே சிறிது சிறிதாகக் குறைப்பார். அதுவரை இல்லத்தார் கடைப்பிடிக்க வேண்டியவை சில:

மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடலாகாது. காய்ச்சல், பல் பிடுங்குதல், விபத்து, வேறு அறுவை ஆகிய காலங்களில் அளவைக் கூட்ட வேண்டும். எவ்வளவு கூட்டுவது என்பதை முன்னரே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஊசி மூலம் மருந்து செலுத்த வேண்டியிருக்கும். கடும் சோர்வு, மயக்கம், வயிற்றுவலி, பிதற்றல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். “ஸ்டீராய்டு மருந்தை நம்பி வாழ்பவர்” என்று எழுதிய அட்டை ஒன்று எப்போதும் நோயாளியின் பையில் இருக்கட்டும். தவக்காலத்தில் ஒருசந்தி இருக்க வேண்டுமே என்று மாத்திரையையும் உணவையும் தள்ளிப்போட வேண்டாம். நோயாளிகளை அக்கடமை கட்டுப்படுத்துவதில்லை.

மனவாட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். முகத்தின் வீக்கமும் வயிற்றின் பருமனும் சில மாதங்களில் குறையும். இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பலருக்குத் தணியும். ஆயினும் மறதி, சோர்வு, மனத்தளர்ச்சி ஆகியவை எண்கள் சீரான பிறகும் நெடுநாள் தொடரலாம். “டாக்டரே சரியாகிவிட்டது என்றுவிட்டார், இன்னும் என்ன படுக்கை?” என்று கேட்கும் கணவனின் சொல், நோயைவிடக் கூர்மையானது. அவள் சோம்பலால் படுத்திருக்கவில்லை; ஆண்டுக்கணக்கில் சிதைந்ததைக் கட்டியெழுப்பும் வேலையில் அவளுடைய உடல் ஈடுபட்டிருக்கிறது. அதற்கு நாள் வேண்டும். பக்கத்தில் பொறுமையுள்ள ஒருவரும் வேண்டும்.

நீறு பூத்த நெருப்பு

இனி, ‘குணம்’ என்று சொல்லாமல் ‘தணிவு’ என்று மருத்துவர் சொல்வதன் காரணம் விளங்கும். அறுவையில் கண்ணுக்குத் தெரியாத சில உயிரணுக்கள் தங்கியிருந்தால், அவை நீறு பூத்த நெருப்பைப் போல் ஆண்டுக்கணக்கில் அடங்கியிருந்து, பின்னர் கனலக்கூடும். பல்வேறு மருத்துவமனைகளின் கணக்குகளைத் தொகுத்துப் பார்த்தால், நோய் தணிந்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 35 பேர் வரை மீண்டும் நோய் காண்கிறார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு முதல் ஐந்தாண்டுகளில். மற்றப் பாதிப்பேருக்குப் பத்தாண்டு வரையிலோ அதற்குப் பின்னரோ. 2 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கியவர்களிலும் ஒருசிலருக்கு நோய் திரும்பியிருக்கிறது. இனி வரவே வராது என்று உறுதி கூறும் எண் ஒன்றும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

அப்படியானால் இந்த முன்கணிப்பினால் பயன் என்ன? பெரும் பயன் உண்டு. யாரை அடிக்கடி பார்க்க வேண்டும், யாருக்கு உடனே மறு சிகிச்சையைப் பற்றி எண்ண வேண்டும், யார் ஆறுதலாக வீடு திரும்பலாம் என்று அது பிரித்துக் காட்டுகிறது. ஆனால் ஆண்டுதோறும் வரும் பரிசோதனைக்கு அது மாற்றாகாது. நோய் திரும்புவதை முதலில் காட்டிக்கொடுப்பது, பெரும்பாலும் நள்ளிரவுக்கு முன் எடுக்கும் உமிழ்நீரில் உள்ள கார்டிசாலே. மறைந்துபோன இரவுத் தாழ்வு அங்கேதான் முதலில் தெரியும். பஞ்சுத் துண்டு ஒன்றை வாயில் வைத்து எடுக்கும் எளிய பரிசோதனை அது. உடல் மீண்டும் பருக்கும் வரை காத்திராமல், அவ்வளவு முன்னதாகவே கண்டுபிடித்துவிடலாம்.

திரும்பி வந்தாலும், அறுவை முதலிலேயே பலிக்காவிட்டாலும், வழி அடைபட்டுவிடவில்லை. மறு அறுவை உண்டு. அதன் வெற்றி வாய்ப்பு முதல் முறையைவிடக் குறைவு என்றாலும் பலருக்கு அது பயனளித்திருக்கிறது. கதிர்வீச்சுச் சிகிச்சை உண்டு. பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகலாம். கார்டிசால் சுரப்பதைத் தடுக்கும் மருந்துகள் உண்டு. கீட்டோகோனசோல் நெடுங்காலமாகப் பயன்படுகிறது, ஓசிலோட்ரோஸ்டாட் போன்றவை அண்மையில் வந்தவை. இவை எதுவும் உதவாதபோது, அட்ரினல் சுரப்பிகள் இரண்டையும் எடுத்துவிட்டு, வாழ்நாள் முழுவதும் மாத்திரையால் வாழும் வழியும் உண்டு.

“பூரண குணம்தானா, டாக்டர்?” என்று கேட்பதைக் குற்றம் சொல்ல முடியாது, அன்பு அப்படித்தான் கேட்கும். ஆனால் அத்துடன் நில்லாமல், வேறு மூன்று கேள்விகளையும் கேளுங்கள்: “காலைக் கார்டிசால் எவ்வளவு? மாத்திரையை எவ்வாறு கொடுக்க வேண்டும்? அடுத்த பரிசோதனை எப்போது?” முதல் கேள்வியின் விடையை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், வேறு ஊர் மருத்துவரிடம் போனாலும் அது உதவும். இரண்டாவதன் விடையை, நோயாளிக்கு மட்டுமன்றி, வீட்டில் உள்ள பெரிய பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். மூன்றாவதன் விடையை வீட்டுக் காலண்டரில் வட்டமிட்டுக் குறித்துவிடுங்கள். ஆண்டு மாறிப் புதுக் காலண்டர் மாட்டும் நாளில், மறவாமல் அந்த வட்டத்தையும் புதியதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.